பதினோரு பேர் சாப்பிட்டோம், ஒன்றும் ஆகவில்லை: ஐவர்மெக்டினை அமுக்கினார்களா?

வாசகர் கேள்வி, 4 ஜனவரி 2025

கொரோனா இரண்டாம் அலையில் தேவகோட்டையில் எங்கள் வீட்டில் பதினோரு பேருக்கும் காய்ச்சல். பதினோரு பேரும் ஐவர்மெக்டின் என்ற புழு மாத்திரை சாப்பிட்டோம். ஒருத்தர்கூட ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவில்லை. விலை மலிவு, கம்பெனிக்கு லாபம் இல்லை, அதனால்தான் எல்லாரும் சேர்ந்து அதை அமுக்கிவிட்டார்கள். அக்கா, நீங்கள் காரைக்குடியில் மெடிக்கல் வைத்திருக்கிறீர்கள். மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள், அமுக்கினார்களா இல்லையா?

5 ஜனவரி, காலை

அமுக்கவில்லை தம்பி. விற்றுத் தீர்ந்தது.

2021 மே மாதம் என் கடைக்கு வந்த சீட்டுகளை இப்போது நினைத்தாலும் வரிசை மாறாமல் சொல்வேன்: பாரசிட்டமால், ஜிங்க், வைட்டமின் சி, டாக்சிசைக்ளின், ஐவர்மெக்டின். காரைக்குடி டாக்டர் எழுதினாலும் அதே, திருப்பத்தூர் டாக்டர் எழுதினாலும் அதே. அமுக்கப்பட்ட மருந்து இப்படியா ஓடும்? 2021 ஏப்ரல் 22 அன்று மத்திய அரசு தரப்பில், டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியும் ஐசிஎம்ஆர் என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து வெளியிட்ட சிகிச்சைக் குறிப்பிலேயே லேசான நோய்க்கு ஐவர்மெக்டின் 'கொடுக்கலாம்' என்று இருந்தது. உடல் எடைக்குக் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம், மூன்று நாள். மே 10 அன்று கோவா சுகாதார அமைச்சர் விஸ்வஜித் ராணே இன்னும் ஒருபடி மேலே போய், காய்ச்சல் இருக்கிறதோ இல்லையோ 18 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் 12 மில்லிகிராம் ஐந்து நாளைக்கு என்று அறிவித்தார். அரசே அள்ளிக் கொடுக்கிறேன் என்ற மருந்து இது.

அமெரிக்காவில் நடந்த சண்டையின் வசனத்தை நம் ஊருக்கு எடுத்துவந்து பேசுகிறோம். அங்கே டாக்டர் எழுத மறுத்தார், கடைக்காரர் கொடுக்க மறுத்தார், கோர்ட்டுக்குப் போனார்கள். இங்கே மறுத்தவர் யார்? சீட்டு இருந்தது, கொடுத்தேன். சீட்டு இல்லாமல் வந்தவர்களிடம்தான் சண்டை.

5 ஜனவரி, இரவு

'அப்புறம் ஏன் எடுத்தார்கள்' என்று உடனே கேட்டிருக்கிறீர்கள். 2021 மே கடைசியில் மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்குநரகம் தன் குறிப்பிலிருந்து ஐவர்மெக்டினையும், ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்தையும் நீக்கியது. செப்டம்பரில் எய்ம்ஸ், ஐசிஎம்ஆர் குறிப்பிலிருந்தும் போனது. பலன் தருவதற்கான ஆதாரம் போதாது என்பதே காரணம். அந்த நாலு மாதத்தில் ஒரு குறிப்பில் இருந்தது, இன்னொன்றில் இல்லை. எந்த டாக்டர் எதைப் படித்தாரோ அதை எழுதினார்.

8 ஜனவரி

பதினோரு பேர் விஷயத்துக்கு வருகிறேன். கோபப்படாமல் படியுங்கள்.

பிரேசிலில் டுகெதர் என்று ஒரு ஆய்வு. 2022 மார்ச்சில் முடிவு வந்தது. ஏதாவது ஒரு விதத்தில் ஆபத்து அதிகமாக இருந்த 1,358 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் சரிபாதியாகப் பிரித்தார்கள். 679 பேருக்கு ஐவர்மெக்டின், அதுவும் கிலோவுக்கு 400 மைக்ரோகிராம், நம் ஊர் அளவைப்போல இரண்டு மடங்கு. மற்ற 679 பேருக்கு மருந்தே இல்லாத மாத்திரை. யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, விழுங்குபவருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் அல்லது அவசரப் பிரிவில் ஆறு மணி நேரத்துக்கு மேல் வைக்கப்பட்டவர்கள்: மருந்து சாப்பிட்ட பக்கம் 100 பேர், சாப்பிடாத பக்கம் 111 பேர். இவ்வளவு சிறிய வித்தியாசம் குலுக்கலிலேயே வந்துவிடும்.

இப்போது சாப்பிடாத பக்கத்தை மட்டும் பாருங்கள். 679இல் 568 பேர் ஒன்றும் ஆகாமல் தேறினார்கள். நூற்றுக்கு 84 பேர். அந்த 679 பேரிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு பதினோரு பேரைப் பொறுக்கினால், பதினோரு பேருமே ஆஸ்பத்திரி போகாதவர்களாக அமைய எவ்வளவு வாய்ப்பு? 0.84ஐ பதினோரு தடவை பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 0.15 வரும். அதாவது ஏழு குடும்பத்தில் ஒரு குடும்பம், எந்த மருந்தும் இல்லாமல், உங்களைப் போலவே 'ஒருத்தர்கூட வாசலை மிதிக்கவில்லை' என்று சொல்லியிருக்கும். இது ஆபத்து அதிகமானவர்களின் கணக்கு. உங்கள் பதினோரு பேரில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் எத்தனை? அவர்களைச் சேர்த்தால் வாய்ப்பு இன்னும் கூடும்.

ஒரே வீட்டுக்காரர்களை இப்படித் தனித்தனியாகப் பெருக்கக்கூடாது என்று கணக்கு வாத்தியார் யாராவது வருவார். உண்மைதான். ஒரு மதிப்பு வரட்டும் என்றுதான் போட்டேன்.

9 ஜனவரி

புதுவயலிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: "எங்கள் வீட்டில் எட்டுப் பேர். ரசமும் கஞ்சியும் தவிர ஒன்றும் சாப்பிடவில்லை, எட்டுப் பேரும் பிழைத்தோம். ரசத்துக்குக் காப்புரிமை வாங்கலாமா?"

வாங்குங்கள் அண்ணே. மிளகு விலைதான் ஏறும்.

16 ஜனவரி

சிராவயல் மஞ்சுவிரட்டுக்குப் பிள்ளைகள் போய்விட்டார்கள், கடையில் கூட்டம் இல்லை. இரண்டு நாளாக ஒரு நண்பர் 'மாட்டு மருந்தைத் தின்ற முட்டாள்கள்' என்று எழுதிக்கொண்டே இருக்கிறார். அதற்குப் பதில் எழுதலாம்.

ஐவர்மெக்டினை மாட்டு மருந்து என்று மட்டும் சொல்லிக் கேலி செய்வது அநியாயம். ஜப்பானில் சதோஷி ஓமுரா ஒரு கோல்ஃப் மைதானத்தின் அருகே எடுத்த மண்ணில் இருந்த நுண்ணுயிரிலிருந்து கிடைத்த பொருள் அது. அமெரிக்காவில் மெர்க் கம்பெனியில் வில்லியம் கேம்பல் குழு அதை மருந்தாக்கியது. 2015இல் இருவருக்கும் நோபல். ஆப்பிரிக்காவில் ஆற்றுக் குருடு என்ற நோயில் பார்வை போகாமல் காப்பாற்ற 1987 முதல் அந்தக் கம்பெனியே இலவசமாகக் கொடுக்கிறது. நம் கடையில் சிரங்குக்கு, பேனுக்கு, சில வகைப் புழுக்களுக்கு டாக்டர்கள் எழுதும் சாதாரண மாத்திரை.

ஆடு மாட்டுக்கும் அதேதான், ஊசியாக. இங்கே ஆட்டுக்குப் போடுகிற ஊசி மருந்தில் ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் இருக்கும். ஒரு மில்லி ஐம்பது கிலோ உடம்புக்குக் கணக்கு. ஆட்டுக்குப் போட்டு மிச்சம் இருந்ததைப் பாலில் கலந்து குடிக்கலாமா என்று ஒருவர் 2021இல் என் கடைக்கே வந்து கேட்டார். கை கொஞ்சம் தவறினால் அளவு எங்கேயோ போய்விடும். அந்த பாட்டில் ஆட்டுக்கு மட்டும்தான் என்று சொல்லி அனுப்பினேன். அமெரிக்காவில் குதிரைக்கான பசையை இப்படித்தான் வாங்கித் தின்றார்கள். 2021 ஆகஸ்டில் அங்கத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, 'நீங்கள் குதிரை இல்லை, மாடும் இல்லை, நிறுத்துங்கள்' என்கிற மாதிரி ட்விட்டரில் போட்டது. எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் மனிதருக்கான மாத்திரையை டாக்டர் சொல்லிச் சாப்பிட்டவர்களையும் சேர்த்துக் கேலி செய்ததாக ஆகிவிட்டது. சில டாக்டர்கள் வழக்குப் போட்டார்கள். 2024 மார்ச்சில் அந்தப் பதிவுகளை எடுத்துவிடுகிறோம் என்று துறையே சமாதானமாகப் போனது. கேலி செய்தால் யாரும் மாத்திரையைக் கீழே வைப்பதில்லை, ஒளித்துவைத்துச் சாப்பிடுவார்கள். கவுண்டரில் நிற்பவளுக்கு இது நன்றாகத் தெரியும்.

21 ஜனவரி

'ஆராய்ச்சியிலேயே வைரஸ் செத்ததே' என்று கேட்டவருக்கு.

செத்தது. 2020 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவில் மோனாஷ் பல்கலைக்கழகத்தில், குரங்குச் சிறுநீரகச் செல்கள் இருந்த கண்ணாடித் தட்டில். அங்கே ஊற்றிய செறிவு நம் ரத்தத்தில் வர வேண்டுமானால், வழக்கமாகக் கொடுப்பதைவிடப் பல மடங்கு மாத்திரை விழுங்க வேண்டும். சோப்புத் தண்ணீரில்கூட வைரஸ் சாகும், அதற்காக யாரும் அதைக் குடிப்பதில்லை.

அந்தத் தட்டுக்கு அப்புறம் எகிப்திலிருந்து 2020 நவம்பரில் ஒரு கட்டுரை வந்தது. சாவு 90 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது. பல ஆய்வுகளைச் சேர்த்துக் கூட்டிப் பார்த்தவர்களின் தராசை ஒரு பக்கம் சாய்த்தது அதுதான். லண்டனில் ஜாக் லாரன்ஸ் என்ற மருத்துவ மாணவர் அதைப் படித்தார். முன்னுரையிலேயே வேறு இடங்களிலிருந்து எடுத்த வரிகள். தரவைத் திறந்து பார்த்தால் ஒரே நோயாளி திரும்பத் திரும்ப வருகிறார், ஆய்வு தொடங்கியதாகச் சொன்ன தேதிக்கு முன்பே இறந்தவர்களும் பட்டியலில் இருக்கிறார்கள். 2021 ஜூலையில் அது நீக்கப்பட்டது. அதற்குள் இந்தியாவில் இரண்டாம் அலையே வடிந்துவிட்டது.

இந்தப் பக்கம் மட்டும்தான் பித்தலாட்டம் என்று நினைக்க வேண்டாம். ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஆளைக் கொல்கிறது என்று லான்செட் இதழில் 2020 மே 22 அன்று ஒரு கட்டுரை. 671 ஆஸ்பத்திரிகள், 96,032 நோயாளிகள் என்று பெரிய கணக்கு. சர்ஜிஸ்பியர் என்ற கம்பெனி கொடுத்த தரவு. அசல் தரவைக் காட்டு என்றதும் காட்டவில்லை. ஜூன் 4 அன்று கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். இடையில் உலக சுகாதார நிறுவனம் தன் ஆய்வில் அந்த மருந்தை நிறுத்திவைத்து, பிறகு மறுபடி தொடங்கியது. இதைப் பார்த்தவனுக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்? உங்கள் சந்தேகத்தை நான் குறைசொல்லவில்லை தம்பி.

24 ஜனவரி

ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்று எழுதியதும் எனக்கு வேறு ஒன்று ஞாபகம் வந்துவிட்டது. மருந்து வேலை செய்ததா இல்லையா என்றே எல்லாரும் கேட்கிறார்கள். அது வேறு யாருடைய மருந்து என்று யாரும் கேட்பதில்லை.

கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து ஒரு அம்மா மாதாமாதம் என் கடைக்கு வருவார். முடக்குவாதம். கைவிரல் எல்லாம் கோணியிருக்கும். ஹைட்ராக்சிகுளோரோகுயின் சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் காலையில் எழுந்து தானே தலை சீவ முடிகிறது என்பார். மலேரியாவுக்கு வந்த மருந்து. மூட்டுவாதத்துக்கும் லூபஸ் என்ற நோய்க்கும் உதவும் என்று பின்னால் தெரிந்து, பல பத்தாண்டுகளாக அப்படித்தான் ஓடுகிறது. பழைய மருந்தைப் புது நோய்க்குப் பயன்படுத்துவது தப்பே இல்லை என்பதற்கு அந்த அம்மாவின் விரல்களே சாட்சி.

2020 மார்ச் 20 அன்று பிரான்சில் மார்செய் நகரத்து திதியே ரவுல் குழு ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டது. மருந்து கொடுத்தது 26 பேருக்கு, கணக்கில் வைத்தது 20 பேரை. விட்டுப்போன ஆறு பேர் யார்? மூன்று பேர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள், ஒருவர் இறந்தார், ஒருவர் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பினார், ஒருவர் குமட்டல் என்று நிறுத்தினார். தேறாதவர்களைத் தள்ளிவிட்டால் எந்த மருந்தும் அற்புத மருந்துதான். அந்தக் கட்டுரையை அதே இதழ் திரும்பப் பெற்றது போன மாதம்தான், 2024 டிசம்பரில்.

ஆனால் 2020 மார்ச்சில் உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. அடுத்த சில நாளில் ஐசிஎம்ஆர், மருத்துவப் பணியாளர்களும் நோயாளி வீட்டில் இருப்பவர்களும் முன்னெச்சரிக்கையாகச் சாப்பிடலாம் என்றது. முதல் நாள் 400 மில்லிகிராம் இரண்டு வேளை, பிறகு வாரம் ஒன்று, பணியாளர்களுக்கு ஏழு வாரம். கூட்டினால் ஒருவருக்கு ஒன்பது மாத்திரை. அலமாரியைக் காலி செய்தது இந்த ஒன்பது மாத்திரை இல்லை. சிங்கப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் பிள்ளைகள் போனில் சொல்ல, வேலையாளை அனுப்பிப் பத்து அட்டை, இருபது அட்டை என்று வாங்கி, பெரிய வீட்டு இரண்டாம் கட்டு அலமாரியில் பூட்டிவைத்தார்களே, அதுதான். வீட்டில் இருப்பது ஆச்சி ஒருவர், மருந்து ஒரு ஊருக்கு. மார்ச் 26 அன்று அதைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத எச்1 பட்டியலில் சேர்த்தார்கள். அதற்குள் போக வேண்டியது போய்விட்டது.

ஏப்ரலில் அந்த அம்மா சீட்டோடு வந்தபோது என்னிடம் ஒரு மாத்திரை இல்லை. எனக்கு மருந்து தரும் மொத்த விற்பனையாளர் போனை எடுக்கவே இல்லை. அதே வாரம் டிவியில் டிரம்ப் ஏற்றுமதியைத் திறந்துவிடச் சொல்லி இந்தியாவை மிரட்டிக்கொண்டிருந்தார், இந்தியாவும் திறந்தது. ஊரே பெருமையாகப் பேசியது. மதுரையில் இருந்த சொந்தக்காரர் ஒருவர் மூலமாகத்தான் அந்த அம்மாவுக்குக் கொஞ்சம் வரவழைத்தோம். இடையில் விரல் மறுபடி வீங்கியிருந்தது.

அந்த ஜூனில் இங்கிலாந்தில் ரிகவரி ஆய்வு முடிவு வந்தது. முழுக் கணக்குப்படி, ஆஸ்பத்திரியில் இருந்தவர்களில் ஹைட்ராக்சிகுளோரோகுயின் கொடுத்த 1,561 பேரில் 27 சதவீதம் இறந்தார்கள், கொடுக்காத 3,155 பேரில் 25 சதவீதம். அத்தோடு கதை முடிந்தது. அமெரிக்காவும் அவசர அனுமதியை ஜூன் 15 அன்று திரும்பப் பெற்றது. பூட்டிவைத்தவர்கள் யாரும் திருப்பிக் கொண்டுவந்து தரவில்லை.

2 பிப்ரவரி

'மலிவு மருந்துக்கு எதிரி, விலை மருந்துக்கு நண்பன்' என்று என்னைத் திட்டியிருக்கிறார் ஒருவர். சரி, விலை மருந்தையும் பார்ப்போம்.

ஃபாவிபிராவிர். ஜப்பானில் ஃப்ளூவுக்காக வந்தது. 2020 ஜூனில் இங்கே கொரோனாவுக்கு அனுமதித்தார்கள், 200 மில்லிகிராம் மாத்திரை 103 ரூபாய். முதல் நாள் காலை ஒன்பது, ராத்திரி ஒன்பது. மறுநாளிலிருந்து நாலும் நாலும் எட்டு. 14 நாள் முழுதாக எழுதினால் 122 மாத்திரை, பன்னிரண்டாயிரத்துக்கு மேல் போகும். ஒரு வேளைக்கு ஒன்பது மாத்திரையை எண்ணிக் கொடுக்கும்போது வாங்குபவர் முகத்தைப் பார்க்க முடியாது. அதற்கும் வலுவான ஆதாரம் இல்லை. ஆனால் அதை அள்ளிச் சாப்பிட்டுவிட்டுப் பிழைத்தவர்கள் யாரும் 'அமுக்கிவிட்டார்கள்' என்று எழுதுவதில்லை, கவனித்தீர்களா?

கம்பெனிகளைச் சந்தேகப்படுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஐவர்மெக்டினைக் கண்டுபிடித்த மெர்க்கே 2021 பிப்ரவரியில் இது கொரோனாவுக்குப் பயன்படும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அறிக்கை விட்டது. அப்போது அவர்களே மோல்னுபிராவிர் என்ற புது மாத்திரையைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். சந்தேகம் வரத்தான் செய்யும். அந்த மோல்னுபிராவிர் என்ன ஆனது? முதலில் பாதிக்குப் பாதி பலன் என்றார்கள், முழுக் கணக்கு வந்தபோது 30 சதவீதம் ஆனது. நம் ஐசிஎம்ஆர் அதைத் தேசியக் குறிப்பில் சேர்க்கவே மறுத்தது. அமுக்கும் சக்தி அவ்வளவு இருந்தால் தன் மாத்திரையை முதலில் தூக்கியிருக்க வேண்டாமா?

6 பிப்ரவரி

பழனி பாதயாத்திரைக் கூட்டம். கால் கொப்புளத்துக்கு மருந்து, வலி தைலம், உப்புக்கரைசல் பொட்டலம் தவிர எதையும் பேச நேரமில்லை. தைப்பூசம் முடியட்டும்.

13 பிப்ரவரி

விட்ட இடத்துக்கு வருகிறேன். மலிவான பழைய மருந்து ஒன்றை உலகமே ஒரே நாளில் ஏற்றுக்கொண்டது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அது சண்டையில்லாமல் ஜெயித்ததால் கதையாகவில்லை.

டெக்சாமெத்தசோன். 1950களின் கடைசியில் வந்த ஸ்டீராய்டு. ஒரு அட்டை ஒரு டீ விலைகூட வராது. காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது, எந்தக் கம்பெனிக்கும் அதில் பெரிய லாபம் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் பீட்டர் ஹோர்பி, மார்ட்டின் லாண்ட்ரே இருவரும் நடத்திய அதே ரிகவரி ஆய்வு. 2020 மார்ச் 19 அன்று முதல் நோயாளியைச் சேர்த்தார்கள், ஜூன் 16 அன்று முடிவு. மூன்று மாதம்கூட இல்லை. தினம் 6 மில்லிகிராம், பத்து நாள் வரை. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் சாவு நூற்றுக்கு 41இலிருந்து 29க்கு இறங்கியது. ஆக்சிஜன் மட்டும் வாங்கியவர்களில் 26இலிருந்து 23க்கு. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களில்? 14க்குப் பதில் 18. பலன் இல்லை, கணக்கு கெடுதல் பக்கம்தான் சாய்ந்தது.

இந்த மூன்றாவது எண்ணை நம் ஊர் படிக்கவில்லை. 2021 மேயில், காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே, மூச்சுத் திணறல் எதுவும் இல்லாதவர்களுக்கு ஸ்டீராய்டு எழுதிய சீட்டுகள் வந்தன. பக்கத்து ஊரில் ஒருவர் கவரில் போட்ட 'கொரோனா கிட்' என்று ஐவர்மெக்டினோடு ஸ்டீராய்டையும் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். சர்க்கரை இருக்கிறதா என்று கேட்பார் இல்லை. செட்டிநாட்டுப் பக்கம் ஐம்பது தாண்டியவர்களில் சர்க்கரை இல்லாதவரைத் தேடத்தான் வேண்டும். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், எதிர்ப்புச் சக்தியை இறக்கும். அந்த மே மாதத்திலேயே கருப்புப் பூஞ்சை வந்தது. மே 20 அன்று தமிழக அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோய் என்றது. அடுத்த நாள் மாநிலத்தில் ஒரே நாளில் 36,184 பேருக்குக் கொரோனா தொற்று. கண்ணை எடுத்துவிட்டார்கள் என்று ஒரு வாடிக்கையாளரின் மகன் வந்து நின்றார். அந்த வீட்டுக்கு யார் எழுதிய சீட்டுக்கு நான் ஸ்டீராய்டு கொடுத்தேன் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. இங்கே அதை எழுதப்போவதில்லை.

13 பிப்ரவரி, இரவு

'இங்கிலாந்தில் முடியும், நம் நாட்டில் இதெல்லாம் முடியுமா' என்று கேட்பவருக்கு: முடிந்தது. கொரோனாவிலிருந்து தேறியவரின் ரத்தத்திலிருந்து பிரித்ததை நோயாளிக்கு ஏற்றுவார்களே, அந்தப் பிளாஸ்மா சிகிச்சை ஞாபகம் இருக்கிறதா? நாடே பிளாஸ்மா தேடி அலைந்தபோது ஐசிஎம்ஆர் 39 ஆஸ்பத்திரிகளில் 464 நோயாளிகளைக் குலுக்கிப் பிரித்துப் பார்த்தது. 2020 ஏப்ரலில் தொடங்கி அந்த ஆண்டுக்குள்ளேயே முடிவு சொன்னது: பயன் இல்லை. உலகத்தில் முதலில் வந்த இந்த மாதிரி ஆய்வுகளில் அது ஒன்று. ஆனாலும் பிளாஸ்மா நம் சிகிச்சைக் குறிப்பிலிருந்து போனது 2021 மேயில்தான்.

ஐவர்மெக்டினை 'கொடுக்கலாம்' என்று எழுதிய அன்றைக்கே, பாதிப் பேருக்குக் கொடுத்து, பாதிப் பேருக்குக் கொடுக்காமல் எழுதிவை என்று சொல்லியிருந்தால், இரண்டாம் அலை முடிவதற்குள் இந்தியாவே உலகத்துக்குப் பதில் சொல்லியிருக்கும். அவ்வளவு பேர் சாப்பிட்டார்கள். ஒருத்தர் கணக்கும் யாரிடமும் இல்லை. எனக்கு இதில்தான் வயிற்றெரிச்சல். மாத்திரை வீண் என்பதுகூடப் பெரிசில்லை.

15 பிப்ரவரி

ஒரு டாக்டர் தனியாக எழுதியிருந்தார், பெயர் போட வேண்டாம் என்று. "ராத்திரி ரெண்டு மணிக்குப் போன் வரும். பெட் இல்லை, ஆக்சிஜன் இல்லை. 'ஒன்றும் எழுதாதீர்கள், வீட்டில் படுங்கள்' என்று சொல்ல வாய் வராது. அரசாங்கக் குறிப்பில் இருக்கிறது, பெரிய பக்கவிளைவு இல்லை, எழுதினேன்."

இதைப் படித்தபிறகு ஜனவரி 5ஆம் தேதி நான் எழுதிய தொனி கொஞ்சம் அதிகம் என்று படுகிறது. மூன்று நாள் ஐவர்மெக்டினால் யாருக்கும் பெரிதாகக் கெடுதல் வந்ததை நானும் பார்க்கவில்லை. ஆனால் டாக்டர் சார், ஒன்று உண்டு. மாத்திரை சாப்பிட்டாயிற்று என்ற தைரியத்தில் விரலில் ஆக்சிஜன் அளவு பார்க்காமல் இருந்தவர்கள் உண்டு. 94க்குக் கீழே இறங்கினால் கிளம்பு என்று சீட்டின் பின்னால் எழுதிக் கொடுத்த ஒரே ஒரு டாக்டரை எனக்குத் தெரியும். அவர் சீட்டிலும் ஐவர்மெக்டின் இருந்தது. அவரிடம் எனக்குச் சண்டை இல்லை.

22 பிப்ரவரி

கபசுரக் குடிநீரைப் பற்றி ஏன் பேச்சே இல்லை, பயமா என்று கேட்டிருக்கிறீர்கள். பயம்தான், என் மாமியார் இதைப் படிக்கிறார்.

அதுவும் பழைய மருந்தைப் புது நோய்க்குக் கொண்டுவந்ததுதானே? சித்த நூல்களில் கபசுரத்துக்குச் சொன்ன பதினைந்து சரக்கு. சுக்கு, திப்பிலி, இலவங்கம், ஆடாதோடை, சீந்தில், நிலவேம்பு என்று போகும். டெங்கு காலத்தில் நிலவேம்புக் குடிநீர் வந்த மாதிரி, 2020இல் இது வந்தது. தெருமுனையில் அண்டாவில் காய்ச்சி ஊற்றினார்கள். என் மாமியார் இன்றைக்கும் மழை பெய்தால் காய்ச்சுவார், நானும் குடிப்பேன். கசப்பு தொண்டையில் இறங்குவது சுகமாகத்தான் இருக்கிறது. அது கொரோனாவைத் தடுத்ததா என்று கேட்டால், ஐவர்மெக்டினுக்கு நான் கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்பேன்: குடிக்காதவர்களோடு ஒப்பிட்டு எத்தனை பேரை எண்ணினீர்கள்? நம்முடையது என்பதால் ஒரு தராசு, வெள்ளைக்காரனுடையது என்பதால் ஒரு தராசு என்று வைக்க முடியாது.

மாமியார் பதில்: "எண்ணிக்கிட்டு இருந்தா கஷாயம் ஆறிப்போயிரும்."

2 மார்ச்

தேவகோட்டைத் தம்பிக்கு ஒரு நல்ல செய்தி. உங்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கலாம், ஆனால் நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக இல்லை.

ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்று ஒரு புழு. மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் தோல் வழியாக ஏறும். குடலில் வருஷக்கணக்காகச் சத்தமில்லாமல் கிடக்கும். அந்த ஆளுக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் எதிர்ப்புச் சக்தி இறங்கி, புழு உடம்பு முழுக்கப் பெருகி ஆளையே கொல்லலாம். அதற்குச் சரியான மருந்து எது? ஐவர்மெக்டின். இப்போது யோசியுங்கள்: இந்தப் புழு அதிகம் உள்ள நாட்டில் ஆய்வு நடக்கிறது. கொரோனா நோயாளிகளுக்கு ஸ்டீராய்டு கொடுக்கிறார்கள். பாதிப் பேருக்கு ஐவர்மெக்டினும் சேர்த்து. அந்தப் பாதியில் சாவு குறைந்தால் அது கொரோனாவை வென்றதா, புழுவை வென்றதா? அமெரிக்காவில் ஆவி பிட்டர்மேன் என்ற மருத்துவர் 2022இல் ஆய்வுகளை இப்படிப் பிரித்துப் பார்த்தார். பலன் தெரிந்தது புழு அதிகமுள்ள இடங்களில். புழு குறைந்த இடங்களில் தெரியவில்லை. இது அவர் முன்வைத்த விளக்கம், முடிந்த முடிவு இல்லை. ஆனால் எனக்கு இது பொருந்திப்போகிறது.

ஆகவே வயலிலும் கண்மாயிலும் வெறுங்காலோடு இறங்குகிறவருக்கு நாளைக்கு அதிக அளவில் ஸ்டீராய்டு கொடுக்க வேண்டி வந்தால், முதலில் ஐவர்மெக்டின் கொடுக்கலாமா என்று டாக்டர் யோசிப்பது வீண் இல்லை. 'கொரோனாவுக்கு' என்று அந்த அட்டையில் எழுத வேண்டாம், அவ்வளவுதான்.

9 மார்ச்

பள்ளத்தூரிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: 2021இல் வாங்கிய ஐவர்மெக்டின் வீட்டில் இருக்கிறது, இப்போது பிள்ளைக்குச் சிரங்கு, கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள் அம்மா. முதலில் அட்டையின் பின்னால் தேதியைப் பாருங்கள், காலாவதி ஆகியிருக்கும். பிள்ளை 15 கிலோவுக்குக் கீழே என்றால் பொதுவாக இந்த மாத்திரை கொடுப்பதே இல்லை, கர்ப்பமாக இருப்பவர்களுக்கும் தவிர்ப்பார்கள். சிரங்குக்கு முதலில் பெர்மெத்ரின் கிரீம்தான் எழுதுவார்கள். ராத்திரி கழுத்துக்குக் கீழே உடம்பு முழுக்க, விரலிடுக்கு விடாமல் பூசி, காலையில் குளிக்க வேண்டும். கைக்குழந்தை என்றால் தலைக்கும் பூசச் சொல்வார்கள், டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி ஒரு தடவை. வீட்டில் அரிப்பு இல்லாதவர்களும் ஒரே ராத்திரியில் பூசிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். படுக்கை விரிப்பு, துண்டு எல்லாம் வெந்நீரில் போட்டு வெயிலில் காயவையுங்கள். சிரங்கு போன பிறகும் சில நாள் அரிக்கும், அதற்காகத் திரும்பத் திரும்பப் பூச வேண்டாம். புண்ணில் சீழ் வைத்திருந்தால் மட்டும் காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.